பச்சை பச்சையில்

பச்சை நூல் கட்டிய தட்டுகளில் இருந்த செடிகள், வெள்ளை நூல் தட்டுகளில் இருந்தவற்றைவிட ஒரு சாண் உயரமாக நின்றன. கண்ணாடிக் கூரைக்குக் கீழே வியர்வை வழிய வழிய சந்திரிகா அளவுகோலை வைத்து அளந்தாள். நம்பிக்கை வராமல் மறுபடியும் அளந்தாள். பிறகு திரும்பிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்தபோதுதான் இந்த வேலை தனக்கு நிலைத்துவிடும் என்று ஷேக் அலாவுதீனுக்கு முதல் தடவையாகப் பட்டது.

"அண்ணே, ஐஸ்ல போட்ட வெத லா இது! எப்படி நிக்குது பாருங்க. சாதா வெத நொண்டிக்கிட்டு கெடக்குது."

"ஐஸ் இல்ல, நைட்ரஜன்."

"ஆமா லா, பெரிய சயின்டிஸ்ட். யுனிவர்சிட்டிய பாதியில விட்டுட்டு ஓடுன ஆளு எனக்குப் பாடம் எடுக்குது."

அவன் கோபப்படவில்லை. உண்மைதான். இரண்டாம் ஆண்டில் விட்டுவிட்டு ஓடினான். ஏன் என்று கேட்டால் சொல்ல ஒரு காரணமும் கிடையாது. ஒரு நாள் வகுப்புக்குப் போகவில்லை, மறுநாளும் போகவில்லை, அப்படியே போகாமல் இருந்துவிட்டான். அதற்குப் பிறகு புக்கிட் தெங்காவில், டிவிக்குள் வைக்கும் சர்க்யூட் பலகை செய்யும் தொழிற்சாலையில் வருஷக்கணக்காக நைட் ஷிப்ட். தொழிற்சாலை பஸ் பொழுது சாயும்போது பாலத்தைக் கடந்து பெருநிலத்துக்குப் போகும், விடிந்ததும் திரும்பக் கடக்கும். தீவில் எல்லோரும் கடை திறக்கிற நேரத்தில் அவன் ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டுப் படுப்பான். மனைவி சபூராவை வெளிச்சத்தில் பார்த்தது குறைவு. கல்யாணப் படத்தில் இருக்கிறவளும் வீட்டில் இருக்கிறவளும் ஒருத்திதானா என்றுகூட ஒரு தடவை யோசித்திருக்கிறான்.

இப்போது, தொண்ணூற்றிரண்டாம் வருஷத்தில், ஆயர் ஈத்தாம் மலையடிவாரத்தில் இருக்கும் விதை ஆய்வு நிலையத்தில் உதவியாளன். சோதனைக் காலம். நிலையத் தலைவி டாக்டர் நோர்மா கையெழுத்துப் போட்டால் நிரந்தரம். போடாவிட்டால் மறுபடியும் புக்கிட் தெங்கா, மறுபடியும் ஜன்னலில் போர்வை. பழைய சூப்பர்வைசர் அவனுக்கு இடம் வைத்திருப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தான். தொழிற்சாலையின் நீலச் சட்டையைச் சபூரா துவைத்து மடித்து, அலமாரி மேல்தட்டில் வைத்திருந்தாள்.

"எதுக்கும் இருக்கட்டும், மச்சான்."

வைத்திருந்தது அவனை ஒன்றும் செய்யவில்லை. கைக்கு எட்டும் மேல்தட்டில் வைத்ததுதான் உறுத்தியது.

நிலையத்தில் நடந்த வேலையைச் சொல்லிவிடலாம். சிறகவரை என்று ஒரு கொடி உண்டு. மலாய்க்காரர்கள் காச்சாங் போத்தோல் என்பார்கள். காய், இலை, கிழங்கு, விதை, எல்லாவற்றையும் தின்னலாம். அதன் விதையை நைட்ரஜன் தொட்டியில் போட்டு, பூஜ்யத்துக்கு நூற்றுத் தொண்ணூற்றாறு டிகிரி கீழே உறைய வைத்தால் பேரன் பேத்தி காலம்வரை கெடாது என்பது டாக்டர் நோர்மாவின் கட்சி. கெடாமல் கிடப்பது ஒன்று, எடுத்து விதைத்தால் ஒழுங்காக வளருமா என்பது வேறு. முளைத்த முதல் வாரங்களில் தண்டு எவ்வளவு ஓடுகிறது, வேர் எவ்வளவு இறங்குகிறது, அந்த இளம் இலையில் இரும்புச் சத்தும் புரதமும் கூடுகிறதா குறைகிறதா என்று பார்க்க வேண்டும். அதுதான் சந்திரிகாவின் மாஸ்டர்ஸ் ஆராய்ச்சி. பாதித் தட்டுகளில் உறைந்த விதை, பாதித் தட்டுகளில் உறையாத விதை. ஒரே மண், ஒரே தண்ணீர்.

உறைந்தது ஜெயித்துவிட்டது. இலையைப் பொடித்துச் சோதித்தபோது இரும்பும் கூட இருந்தது. டாக்டர் நோர்மா வந்து பச்சை நூல் தட்டுகளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கோலாலம்பூர் கூட்டத்தில் இதைக் காட்டிவிட்டு வந்ததும், நிலையத்தில் இருக்கும் விதைகள் அத்தனையையும் தொட்டிக்குள் இறக்கிவிட்டு, ஓயாமல் பழுதாகும் குளிர் அறையை இழுத்து மூடப் போவதாகச் சொன்னார். போகிற போக்கில் அலாவுதீனைப் பார்த்து "பாகுஸ்" என்றார். அவர் யாரையும் பார்த்து நல்லது என்று சொல்லி அங்கே யாரும் கேட்டதில்லை. கூட்டம் முடிந்து வந்த கையோடு உன் தாளில் கையெழுத்துதான் என்று ஆபீஸ் கிளார்க் சலேஹா காதில் போட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் நல்ல மனநிலையில் அத்தா கடைக்குப் போனான். சூலியா ஸ்திரீட்டிலிருந்து பிரியும் சந்தில் அவனுடைய அத்தா இப்ராஹிமின் நாசி கண்டார் சோற்றுக்கடை. மதியக் கூட்டம். ஞாயிறு என்றால் சபூராவும் கைக்கு உதவியாக வந்துவிடுவாள். அலாவுதீன் ஒரு ஓரமாகத் தே தாரேக் தேநீரோடு உட்கார்ந்தான்.

"சபூரா, அந்தப் பச்சைய எடுத்து உள்ள வை, ஈ மொய்க்குது!" என்று அத்தா அடுப்படியிலிருந்து கத்தினார்.

சபூரா பச்சைப் பிளாஸ்டிக் பேசினைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அதில் இருந்தது பொரித்த கோழி. வாளியில் கிடந்த இறால் வெயிலில் அப்படியே கிடந்தது. வரிசையில் முதலாவதாக நின்ற ஆள் தட்டை நீட்டியபடி, அத்தாவைப் பார்த்து, "கோழி எங்க நானா, பறந்துருச்சா?" என்றான்.

அத்தா திரும்பிப் பார்த்தார். "அடியே கூறு கெட்டவளே! பச்சைன்னா பச்சை! வேகாதது! எறாலு! கலரையா சொன்னேன்?"

"பேசினு பச்சையாத்தானே மாமா இருக்கு?"

"பேசினு பச்சையா இருந்தா உள்ள கெடக்குற கோழியும் பச்சையா? கடையில நின்னுக்கிட்டு பச்சைன்னா எவளாச்சும் கலருன்னு நெனப்பாளா?"

கடை முழுக்கச் சிரித்தது. சபூராவும் சிரித்தாள். அலாவுதீன் சிரிக்க வாயைத் திறந்தான். சிரிப்பு வரவில்லை. தே தாரேக் கையிலேயே ஆறிப்போனது.

எவளாச்சும் நினைப்பாளா? ஒருத்தி நினைத்திருப்பாள். சந்திரிகா.

விதைக்க வேண்டிய வாரத்தில் சந்திரிகா நிலையத்தில் இல்லை. நிபோங் தெபால் பக்கம் பைராம் தோட்டத்தில், அப்பா வீட்டில், அம்மை போட்டுக் கிடந்தாள். வாசலில் வேப்பிலை செருகியாகிவிட்டது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வாசல் தாண்ட விடமாட்டார்கள். விதைகளைத் தொட்டியிலிருந்து எடுக்கிற நாளோ வந்துவிட்டது. முக்காடு போட்டுக்கொண்டு பின்பக்கமாகத் தோட்ட ஆபீசுக்குப் போய் அங்கிருந்து போன் செய்தாள். கணக்கெழுதும் ஆபீஸ் கிராணி மூக்கைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு, வை வை என்று கத்துவது இந்த முனைவரை கேட்டது.

"அண்ணே, நீங்களே போட்டுருங்க. தட்டுல நூல் கட்டி எல்லாம் ரெடி. பச்சை பச்சையில போகும், மத்தது வெள்ளையில. அவ்வளவுதான். கிராணி அடிக்க வர்றாரு, வைக்கிறேன்."

பச்சை பச்சையில்.

அலாவுதீன் நாசி கண்டார் கடைக்காரன் மகன். அவனுக்குப் பச்சை என்றால் அடுப்பைப் பார்க்காதது. பச்சை மீன், பச்சை அரிசி, பச்சைத் தண்ணி. அந்த நிலையத்திலும் இரண்டே இரண்டு விதைதான்: தொட்டிக்குள் போய் உறைந்து வந்தது ஒன்று, எதுவுமே செய்யாமல் பாட்டிலில் கிடந்தது ஒன்று. எதுவும் செய்யாதது பச்சை விதை. பச்சை விதை பச்சை நூலுக்கு. உறைந்தது வெள்ளை நூலுக்கு. தொட்டியைத் திறந்தால் வெள்ளைப் புகைதானே வருகிறது? பொருத்தமாகத்தானே இருந்தது?

அப்படியென்றால் ஒரு சாண் உயரமாக நிற்பது பச்சை விதை. நொண்டிக்கொண்டு கிடப்பது உறைந்த விதை. கோலாலம்பூரில் டாக்டர் காட்டப் போவது தலைகீழ்.

ஆனால் அவன் அப்படித்தான் போட்டானா?

இங்கேதான் அவன் தலை சுற்றியது. வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. உடம்பு இன்னும் நைட் ஷிப்டிலேயே இருந்தது; காலை பத்து மணி என்றால் அவன் மூளைக்கு அது நடுச்சாமம். நினைத்துப் பார்த்தால் இரண்டு படம் வந்தது. ஒன்றில், கண்ணாடிப் பாட்டிலைச் சாய்த்து விதைகளை உள்ளங்கையில் கொட்டி, பச்சை நூல் தட்டில் ஒவ்வொன்றாக ஊன்றுகிறான். இன்னொன்றில், வெள்ளி நிறப் பொட்டலத்தைப் பிரித்து அதே தட்டில் அதே விரலால் ஊன்றுகிறான். இரண்டும் ஒரே மாதிரித் துலக்கமாக இருந்தன. போதாக்குறைக்கு, டாக்டர் நோர்மா அந்தப் பக்கமாக வந்து, "ஹிஜாவ்தானே உறைந்தது?" என்று மலாயில் பச்சை நிறத்தைச் சொல்லிக் கேட்டதும், அவன் ஆமாம் என்றதும் நினைவில் இருந்தது. அவர் கேட்டது விதைப்பதற்கு முன்பா, பிறகா? முன்பு என்றால் அவன் திருத்திப் போட்டிருப்பான். பிறகு என்றால் தூக்கக் கலக்கத்தில் தலையாட்டியிருப்பான்.

திடீரென்று வீட்டுப் பின்பக்கத்துத் தகரடப்பாக்கள் ஞாபகம் வந்தன. விதைப்பு முடிந்த அன்று மிஞ்சிய விதைகளைக் கொண்டுவந்து இரண்டு டப்பாவில் போட்டிருந்தான். ஒன்று பச்சை மைலோ டப்பா, இன்னொன்று வெள்ளைப் பால்மாவு டப்பா. அன்றைக்கு மண்டையில் எந்தக் கணக்கு இருந்ததோ அதே கணக்கில்தான் வீட்டிலும் போட்டிருப்பான். எது எதில் என்று எழுதிக்கூட ஒட்டிய மாதிரி ஒரு ஞாபகம். தேநீரை வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினான்.

டப்பாக்களில் மொட்டைத் தண்டு நின்றது. ஒட்டியிருந்த காகிதம் மழையில் கரைந்து வெறும் பசை இருந்தது. அவன் பின்னாலேயே வந்த சபூரா, "என்ன மச்சான்?" என்றாள்.

"இந்தச் செடி?"

"நேத்து பருப்பாணம் ஊத்திச் சோறு தின்னீங்களே, ரெண்டு தட்டு. அதுல போட்டேன்."

"எந்த டப்பாவுல உள்ளது பெருசா இருந்துச்சு?"

"ரெண்டையும் ஒண்ணாத்தானே கிள்ளினேன். கீரைய அளந்தா பாப்பாங்க?" அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "வெஷச் செடியா?" என்றாள் பயந்துபோய்.

"இல்ல."

"அப்ப ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? நல்லாத்தானே இருந்துச்சுன்னு சொன்னீங்க."

நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை அலாவுதீன் எல்லோருக்கும் முன்னால் நிலையத்துக்குப் போய், தட்டுகளில் மண்ணைக் கிளறினான். இந்தக் கொடியின் விதைத்தோல் கல் மாதிரி. உறைய வைத்தால் அதில் மயிரிழை வெடிப்பு விழும் என்று சந்திரிகா ஒரு தடவை லென்சில் காட்டியிருக்கிறாள். மண்ணுக்குள் தோல் கிடந்தால் கண்டுபிடித்துவிடலாம். கிடைத்தது. பச்சை நூல் தட்டிலும் கிடைத்தது, வெள்ளை நூல் தட்டிலும் கிடைத்தது. முளை கிழித்துக்கொண்டு வந்த தோல் எல்லாமே வெடித்துச் சுருண்டு கிடந்தது. லென்சை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தான். எல்லாம் ஒன்று போலத்தான் இருந்தன.

"என்னாண்ணே, பொதையலா?" சந்திரிகா பையைத் தோளிலிருந்து கழற்றாமல் வாசலில் நின்றாள். முகத்தில் அம்மை வடு இன்னும் இருந்தது.

"சந்திரிகா, பச்சைத் தண்ணின்னா என்ன?"

"காலையிலேயே ஆரம்பிச்சிட்டீங்களா?"

"சொல்லு."

"சுட வைக்காத தண்ணி. பைப் தண்ணி. குடிச்சா வயித்தால போகும்."

"அப்ப பச்சை வெதன்னா?"

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. மண்ணைப் பார்த்தாள், அவன் கையில் இருந்த லென்சைப் பார்த்தாள். "அண்ணே, நான் பச்சைன்னு சொன்னது பச்சை டேப்பு. பொட்டலத்துல ஒட்டியிருந்தேனே. தொட்டிக்குள்ள போறதுக்கெல்லாம் பச்சை டேப்பு."

"பொட்டலத்துல டேப்பே இல்ல."

"ஒட்டுனேன் லா! என் கையால ஒட்டுனேன்."

"நான் எடுத்தப்ப வெறும் பொட்டலம்தான்."

இருவரும் தொட்டிக்குப் போனார்கள். அலாவுதீன் கையுறை போட்டு, மூடியைத் தூக்கி, வெள்ளைப் புகைக்குள் நீள இடுக்கியை விட்டுத் துழாவினான். முதலில் ஒன்றும் சிக்கவில்லை. பிறகு ஒரு துண்டு வந்தது. தரையில் போட்டதும் அப்பளம் போல நொறுங்கியது. பச்சை. மறுபடியும் விட்டான், இன்னொன்று வந்தது. அந்தக் குளிரில் எந்தப் பசை தாங்கும்? அவள் ஒட்டிய டேப் எல்லாம் அடியில் கிடந்தது.

சந்திரிகா அந்தத் துண்டுகளைச் செருப்பு நுனியால் ஒதுக்கினாள்.

"சரி. நீங்க எதத்தான் எதுல போட்டீங்க?"

"தெரியல."

"கையால போட்டது தெரியாதா?"

"ரெண்டு மாதிரியும் ஞாபகம் இருக்கு."

"ரெண்டு மாதிரியும் எப்படிண்ணே ஞாபகம் இருக்கும்? ஒண்ணுதானே நடந்துச்சு!"

"அதான் எனக்கும் புரியல."

அவள் திட்டினாள். பைராம் தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் சண்டை போடும் பெண்களிடம் கற்ற திட்டு. படித்த பெண் வாயிலிருந்து வருகிறது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். அவனைத் திட்டினாள், கிராணியைத் திட்டினாள், அம்மைக்குக் காரணமான ஆத்தாளை மட்டும் விட்டுவிட்டாள். மூச்சு வாங்கிவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணே, இப்படிப் பாருங்க. பாதிக்குப் பாதி, சரியாத்தான் போட்டிருப்பீங்க. பேசாம இருங்க. நீங்க வாயத் தொறந்தா ஒங்க வேலை போச்சு."

"டாக்டர் எல்லா வெதையையும் தொட்டியில எறக்கிருவாங்களே. இங்க உள்ள அத்தனையும்."

"எறக்கட்டும். நல்லா வருதுன்னா நல்லதுதானே?"

"வரலைன்னா?"

"அது என்னிக்கோ தெரிய வரப் போவுது. நாம என்ன பச்சைப் பொய்யா சொல்லப் போறோம்? ஒண்ணும் சொல்லாம..." சட்டென்று நிறுத்தினாள். அவன் அவளைப் பார்த்தான்.

"இந்த வார்த்தைய இனிமே என் முன்னால சொல்லாதீங்க," என்றாள்.

"நீதான் சொன்ன."

அன்றைக்கு முழுக்க அவன் வேலையில் கை ஓடவில்லை. தண்ணீர் ஊற்றினான். எந்தத் தட்டுக்கு ஊற்றினோம் என்று அடுத்த நிமிஷமே சந்தேகம் வந்தது. தொழிற்சாலையில் இந்தத் தொல்லை கிடையாது. பலகை கெட்டுப்போனால் இயந்திரம் கீச்சென்று கத்தும், சிவப்புப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கலாம். இங்கே கத்துவதற்கு ஒன்றுமில்லை. வாயை மூடிக்கொண்டால் வேலை நிரந்தரம். பகலில் வேலை, ராத்திரி தூக்கம். ஆனால் தூங்குவானா? பத்து வருஷம் கழித்து எவனோ தொட்டியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து விதைப்பான். அது வருமா வராதா என்று இன்றிலிருந்து அவன் முழித்துக்கொண்டு கிடக்க வேண்டும். அதற்குப் புக்கிட் தெங்காவுக்கே போகலாம். அங்கே முழித்திருப்பதற்குச் சம்பளமாவது உண்டு.

யோசனை அவ்வளவுதான். நேர்மை, கீர்மை என்று ஒன்றும் அவன் நெஞ்சில் எழவில்லை. டாக்டர் அறைக் கதவைத் தட்டினான்.

சொல்லிவிடுவது சுலபம் என்று நினைத்திருந்தான். மலாயில் சொல்ல வேண்டும் என்பதை மறந்துவிட்டான்.

"டாக்டர், சந்திரிகா சொன்னது ஹிஜாவ். எனக்கு விளங்கினது மெந்தா."

டாக்டர் நோர்மா கண்ணாடியைக் கழற்றினார். "ஹிஜாவ் நிறம். மெந்தா என்றால் வேகாதது, சமைக்காதது."

"ஆமாம் டாக்டர்."

"இது இரண்டும் எப்படி ஒருத்தனுக்குக் குழம்பும்?"

அவர் கேட்பது நியாயமாகத்தான் இருந்தது. மலாயில் சொல்லிப் பார்த்தால் அப்படி ஒரு தப்பைச் செய்யவே முடியாது. அவன் காதுக்கே அது வேலை தப்பிக்கக் கட்டிய கதை போலக் கேட்டது. ஆங்கிலத்தில் முயன்றான், அதிலும் இரண்டு வார்த்தை இருந்து தொலைத்தது. அப்போது பின்னாலிருந்து சந்திரிகாவின் குரல் வந்தது. அவள் எப்போது வந்து நின்றாள் என்று தெரியவில்லை.

"எங்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல், டாக்டர். நான் ஒன்றைச் சொன்னேன், அவர் மற்றதைக் கேட்டார். என் டேப்பும் தொட்டியில் கழன்றுவிட்டது."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஒரே சொல்லா? பிறகு எப்படி நீங்கள் எல்லாம் பசாருக்குப் போய்ச் சாமான் வாங்கி வருகிறீர்கள்?"

உண்மையிலேயே எப்படி என்று அலாவுதீன் அந்த நிமிஷத்தில் யோசித்தான்.

"டாக்டர், அன்றைக்கு நீங்கள் வந்து என்னிடம், ஹிஜாவ்தானே உறைந்தது என்று கேட்டீர்கள். விதைப்பதற்கு முன்பா, பிறகா?"

"நானா? கேட்டேனா?" அவர் யோசித்தார். "கேட்டிருக்கலாம். ஞாபகம் இல்லை."

கோலாலம்பூர் பயணம் ரத்தானது. எல்லாத் தட்டுகளையும் கவிழ்த்து, கழுவி, புது மண் போட்டார்கள். நூல் கிடையாது, டேப் கிடையாது. டாக்டர் தன் கையாலேயே ஒவ்வொரு தட்டிலும் கறுப்பு மையில் மலாயில் எழுதினார்: உறைந்தது, உறையாதது. சந்திரிகா ஊன்றினாள். அவள் ஊன்றியதை எல்லாம் அலாவுதீன் வாய்விட்டுச் சொன்னான். பக்கத்து அறையில் இருந்தவர்கள் தொழுகை மாதிரி என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்தார்கள்.

கையெழுத்து அறுவடைவரை தள்ளிப் போயிற்று. அதுவரை அலாவுதீன் காலையில் வந்ததும் முதலில் தட்டுகளைப் பார்ப்பான். எது ஜெயிக்க வேண்டும் என்று தனக்குள் கேட்டுக்கொள்வான். உறைந்தது உயர்ந்தால் முதலில் போட்டதும் சரி, அவன் தப்பே செய்யவில்லை. உறையாதது உயர்ந்தால் அவன் தப்புச் செய்தான், ஆனால் சொன்னதால் நிலையம் பிழைத்தது. எப்படிப் பார்த்தாலும் ஏதோ ஒன்று தெரிந்துவிடும்.

உறைந்தது முதலில் முளைத்தது. தோல் வெடித்ததால் தண்ணீர் சீக்கிரம் உள்ளே போகிறது என்றாள் சந்திரிகா. அலாவுதீன் அன்று மதியம் நன்றாகச் சாப்பிட்டான். அடுத்த வாரம் உறையாதது எட்டிப் பிடித்தது. அதற்கடுத்த வாரம் எல்லாம் ஒரே உயரம். கடைசியில் அறுத்து, காயவைத்து, இலையைச் சோதித்தார்கள். இரும்பு ஒன்றுதான். புரதம் ஒன்றுதான். வேரும் ஒன்றுதான். தட்டில் எழுதியிருந்ததை மறைத்துவிட்டுப் பார்த்தால் அல்லாவுக்குத்தான் வெளிச்சம்.

"அப்படியென்றால் முதல் தடவை பச்சை நூல் தட்டில் ஒரு சாண் உயரம் எப்படி வந்தது?" என்றார் டாக்டர் நோர்மா.

யாருக்கும் தெரியவில்லை. கூரையில் ஒரு கண்ணாடி உடைந்திருந்த இடத்துக்குக் கீழே அந்தத் தட்டுகள் இருந்தனவா என்று டாக்டர் பார்த்தார். சில இருந்தன, சில இல்லை. மண் மூட்டை மாறியதா என்று சந்திரிகா கேட்டாள். ஒரே மூட்டை. பிறகு அவள் அலாவுதீனைப் பார்த்தாள். அவன் எல்லாத் தட்டுக்கும் ஒரே பூவாளியில் ஒரே மாதிரித்தான் தண்ணீர் ஊற்றினான். அப்படித்தான் அவனுக்கு ஞாபகம். தன் ஞாபகத்தை நம்பச் சொல்லி யாரிடமும் கேட்கிற நிலையில் அவன் இல்லை.

டாக்டர் அவனை மட்டும் இருக்கச் சொன்னார். மேசையில் அவனுடைய தாள் இருந்தது. பேனாவைத் திறந்தார், மூடினார்.

"நீ சொல்லாமல் இருந்திருந்தால் இந்நேரம் இதில் கையெழுத்துப் போட்டிருப்பேன்."

"தெரியும் டாக்டர்."

"சொன்னதால் உன்னைத் துரத்த மனம் வரவில்லை. எதை எங்கே போட்டாய் என்று தெரியாத ஆளை நிரந்தரமாக்கவும் மனம் வரவில்லை. இன்னும் ஆறு மாசம் சோதனைக் காலம். பிறகு பார்க்கலாம்."

வெளியே வந்து சலேஹாவிடம், இது நல்லதா கெட்டதா என்று கேட்டான். இதுவரை யாருக்கும் இப்படி நீட்டித்தது கிடையாது, ஃபைலில் எந்தக் கட்டத்தில் குறிப்பது என்றே தனக்குத் தெரியவில்லை என்றாள் அவள். சந்திரிகா செடிக் கொட்டகை வாசலில் நின்றிருந்தாள்.

"என்னாச்சு?"

"ஆறு மாசம்."

"செத்தீங்களா, பொழச்சீங்களா?"

"நீதானே படிச்சவ. நீ சொல்லு."

அவள் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

கொம்தார் வந்து பஸ் மாறி வீட்டுக்குப் போனபோது இன்னும் வெளிச்சம் இருந்தது. சபூரா அலமாரியைத் திறந்து வைத்துக் கைலிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பழைய சூப்பர்வைசர் மறுபடியும் ஆள் அனுப்பியிருந்தானாம், திங்கட்கிழமை பஸ்ஸில் இடம் இருக்கிறதாம். பதில் சொல்ல வேண்டும். மேல்தட்டில் நீலச் சட்டை இருந்தது.

அலாவுதீன் ஆரம்பத்திலிருந்து சொன்னான். உறைந்தது முதலில் முளைத்தது, உறையாதது பிடித்துவிட்டது, கடைசியில் எல்லாம் ஒன்று, முதல் தடவை வந்த உயரம் எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது, டாக்டருக்குத் துரத்தவும் மனம் இல்லை, வைத்துக்கொள்ளவும் மனம் இல்லை. சபூரா ஒரு கைலியைப் பாதி மடித்த கையோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எனக்கு இந்தச் சுத்தி வளைக்கிறது எல்லாம் வெளங்காது, மச்சான். பச்சையா சொல்லுங்க. வேலை இருக்கா, இல்லையா?"

அவன் அவளையே பார்த்தான். என்ன பார்க்கிறான் என்று அவளுக்கு விளங்கவில்லை.

"ஆறு மாசம் கழிச்சு சொல்றாங்களாம்," என்றான்.

"திங்கக்கெழமை?"

"நெலையத்துக்குத்தான் போறேன்."

சபூரா கைலியைக் கீழே வைத்தாள். பிறகு மேல்தட்டிலிருந்து நீலச் சட்டையை எடுத்து உதறினாள். மறுபடியும் மடித்தாள். குனிந்து, கீழ்த்தட்டில், நாள்படக் கட்டாத கைலிகளுக்கெல்லாம் அடியில் அதைச் செருகினாள்.

"தூக்கிப் போடலையா?" என்றான் அலாவுதீன்.

"அத ஆறு மாசம் கழிச்சு சொல்றேன்."